ரேஷன் ராகி யாருக்கு?

வழக்கமாக மாமியார் போகும் அல்சூர் ரேஷன் கடைக்கு இன்று நான் போனேன்.

யுத்த காலம், அரிசியோடு ராகியும் அளந்தார்கள். முன்னால் நின்ற எங்கள் தெருக் குமாஸ்தா வீட்டம்மாள் முகம் சுளித்தார்.

"கூலிக்காரங்க திங்கறதுங்க இது. பால்காரர் மாட்டுக்குப் போட்டுடுவோம்."

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்வதே என் வேலை. சும்மா இருப்பேனா?

"தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியில என்னம்மா இருக்கு? பிள்ளைங்களுக்குத் தர வேண்டிய சத்தை மாட்டுக்குப் போடறீங்களே!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"உங்க மாமியாரும் அந்த மாட்டுக்குத்தான் போடறாங்க," என்றார் அந்த அம்மாள்.

வாராவாரம் "கடைக்கு ராகி வரலைம்மா" என்று மாமியார் சொன்னதை நம்பி, நானும் வெள்ளைச் சோறுதான் தின்றுகொண்டிருக்கிறேன்!

அல்சூரில் ஒழுங்காகச் சாப்பிடுவது அந்த மாடு ஒன்றுதான். உங்கள் வீட்டு ராகி எங்கே போகிறது?