வளர்ந்துகொண்டே இருந்த ஃபைல்

எங்கள் தெருவில் யாராவது பேய், காற்று, கருப்பு என்று ஆரம்பித்தால் அங்கிருந்து எழுந்து போகிற ஆள் நான். ஹெப்பகோடியில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், அம்மா வங்கியில் இன்றும் கைநாட்டு, அப்பா பஸ்ஸின் போர்டை யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவார், அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வந்தவள் வாசலில் கிடக்கிற எலுமிச்சம்பழத்துக்குப் பயந்தால் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்பேன். இப்போதும் கேட்பேன். அதனால் இதைப் பேய்க்கதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னவென்று எனக்கே தெரியாது. பட்டப்பகலில் நடந்தது, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஆறாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். முதன்முதலாக என்னைத் தனியாக அனுப்பிய இடம் அடுகோடியில் ஒரு எக்ஸ்ரே சென்டர். அங்கே மெஷின் எடுக்கிற படங்களெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் வந்து விழ வேண்டும். யாரும் பார்க்காதபோதும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு புரோகிராம், அதை நாங்கள் சர்வீஸ் என்போம், அந்த ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்து, படம் வந்ததும் எடுத்து, வீட்டிலிருந்தபடி ரிப்போர்ட் எழுதுகிற டாக்டருக்கு அனுப்ப வேண்டும். இதுதான் என் வேலை. அதுவரை அங்கே எக்ஸ்ரே எடுக்கிற அன்வர் பாய் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார்.

முதல் நாள் ஒரு தப்பு செய்தேன். படம் முழுதாக வந்து சேர்வதற்குள் என் சர்வீஸ் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் போன் செய்து, "பாதி நெஞ்சுதாம்மா வந்திருக்கு, மீதி ஆள் எங்கே?" என்று கேட்டார். அதன் பிறகு இரண்டு விதி வைத்தேன். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஃபைலின் அளவைப் பார், தொடர்ந்து மூன்று முறை வளராமல் இருந்தால்தான் எடு. வந்த வரிசையிலேயே அனுப்பு, முன்னால் இருப்பது முடியாமல் பின்னால் இருப்பதைத் தொடாதே.

மறுநாள் மூன்று மணிக்கு சென்டரின் ஓனர் மேடம் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். காலையில் போனதும், அதுவரை புதுப் படம் எதுவும் வந்து விழாதபடி, மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற கேபிளை நானே உருவி மேசை மேல் சுருட்டி வைத்தேன், ஃபோல்டரைச் சுத்தமாகக் காலி செய்தேன், சர்வீஸை ஓட விட்டேன். 10.42க்கு அந்தக் காலி ஃபோல்டரில் ஒரு ஃபைல் முளைத்தது. பெயர் 4222. மெஷின் தான் எடுக்கிற படங்களுக்குத் தானே வரிசை எண் போடும், அன்வர் பாய் அதுவரை எடுத்திருந்தது 4210.

"பாய், நீங்க ஏதாச்சும் அனுப்புறீங்களா?"

"நான் எங்கம்மா அனுப்புறது, ஒயரே உன்கிட்ட கீது."

"4222ன்னு ஒண்ணு வருது."

"அது மத்தியானத்துக்கு மேல வர்ற நம்பராச்சே. அவசரமா பொறந்துடுச்சு போல," என்று சிரித்தார்.

ஃபைல் வளர்ந்துகொண்டிருந்தது, ரொம்ப மெதுவாக. வைஃபையைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பார்த்தேன், வளர்ந்தது. அழிக்கப் பார்த்தேன், வேறொரு புரோகிராம் இதைப் பயன்படுத்துகிறது என்று வந்தது, எந்தப் புரோகிராம் என்று தேடினால் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன், அதே 10.42 என்ற நேரத்தோடு அங்கேயே இருந்தது, விட்ட இடத்திலிருந்து வளர்ந்தது. சில சமயம் ஐந்து நொடி நிற்கும், பத்து நொடி நிற்கும், பதினைந்து ஆவதற்குள் துளி அசையும். நான் வைத்த விதி தெரிந்த மாதிரி. சத்தியமாக எனக்குப் பயம் வரவில்லை. ஒரு பழைய படக் கவரின் பின்னால் நிமிடத்துக்கு நிமிடம் அளவைக் குறித்துக்கொண்டு சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்கு எங்கள் டீம் லீடர் கிரீஷ் சார் போன் செய்தார். மைசூர்க்காரர், தமிழ் பேசும்போது பாதி கன்னடம் வரும்.

"ஏனம்மா, ஆய்த்தா? முடிஞ்சுதா?"

"ஒரு ஃபைல் மாட்டிக்கிச்சு சார், அது முடியாம மத்தது போகாது."

"டிலீட் பண்ணு."

"ஆகல சார்."

"ஆகலன்னா? மேடம் முன்னாடியும் இதேதான் சொல்வியா? உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள் மேலதான் இருக்கு, இன்னும் சைன் பண்ணல, நெனப்பு இர்லி."

வரிசை விதியைத் தூக்கியிருந்தால் போதும், இரண்டு வரி வேலை, கேபிளைச் செருகியதும் மற்றப் படங்கள் அதைத் தாண்டிப் போயிருக்கும். செய்யவில்லை. வேலை போய்விடும் என்று தெரியும், அந்த வேலை போனால் எங்கள் தெருவில் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். ஆனாலும் அது யாருடைய படம் என்று பார்க்காமல் எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு மேடமும் கிரீஷ் சாரும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். நான் கேபிளைச் செருக மேசைக்கு அடியில் குனிந்தேன். உள்ளே அன்வர் பாய் யாரையோ "கையை ஆட்டாதக்கா, ஒரு செகண்டு" என்று அதட்டுவதும், மெஷின் கிளிக் என்பதும் கேட்டது.

மேலே மேடத்தின் குரல். "அட, 4222 போயிடுச்சே! ஒயரே மாட்டல, அதுக்குள்ள எப்படி?"

கேபிள் என் கையில் இருந்தது.

"ஹௌது, ஆமா மேடம், வயர்லெஸ்," என்றார் கிரீஷ் சார், கண் இமைக்காமல்.

நான் எழுந்து பார்த்தேன். வளர்ச்சி நின்று, சர்வீஸ் தன் மூன்று முறையை எண்ணி முடித்து, அனுப்பியிருந்தது. உள்ளேயிருந்து அன்வர் பாய் கத்தினார். "ஏம்மா, இந்த நம்பர்ல படம் ஏற்கெனவே இருக்குதுன்னு மெஷின் சேவ் பண்ண மாட்டேங்குது!" ஓடிப் போய் மெஷின் திரையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டு, சுண்டுவிரல் லேசாக உள்ளே வளைந்திருந்தது. என் ஃபோல்டரில் வந்திருந்ததும் அதேதான், அந்த வளைவு உட்பட. கொஞ்ச நேரத்தில் டாக்டரின் ரிப்போர்ட் வந்தது, எலும்பு முறிவு.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் குமாரி அக்கா, பக்கத்து ஆபீஸ் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவர். மேடம் போனதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்போ விழுந்தீங்கக்கா?"

"காலையில கண்ணு. சிவாஜிநகர்ல பஸ் ஏறச்சொல்ல வழுக்கி வுட்டுச்சு. அந்தக் கண்டக்டரு தூக்கியா வுட்டான்? டிக்கெட்டத்தான் நீட்டுனான். பொம்பளைங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டு, அதுல என்னா அவனுக்கு அவசரம்?"

"காலையில விழுந்துட்டு இப்பத்தான் வர்றீங்களா?"

"மூணு மாடி யாரு பெருக்குவா? இடது கையால பெருக்கி முடிச்சிட்டு வரேன்."

அந்த டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இடது கையால் பர்ஸைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். இலவச டிக்கெட்டிலும் நேரம் அச்சாகியிருக்கும், தெரியும்தானே. 10.43.

லெட்டரில் கிரீஷ் சார் அன்றே கையெழுத்துப் போட்டார். வயர்லெஸ் எப்படி நடந்தது என்று மட்டும் அவர் என்னிடம் இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த சென்டர் இன்னும் என் பொறுப்பு, எனக்குக் கீழே இப்போது இரண்டு பேர். மூன்று மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை போனபோது ஃபோல்டரில் மறுபடியும் அப்படி ஒன்று இருந்தது. கேபிளை உருவிப் பார்த்தேன், வளர்ந்தது. மெஷினின் எண்ணுக்கும் அதன் எண்ணுக்கும் அவ்வளவு தூரம், இப்போது ஓடுகிற வேகத்தில் அந்த எண் வர அடுத்த வருஷ மழைக்காலம் ஆகும். தொடங்கிய நேரம் முந்தின நாள் ஞாயிறு, மாலை 6.10. சென்டர் பூட்டிக் கிடந்த நாள்.

வரிசை விதியை அன்றே மாற்றினேன், மற்றப் படங்கள் அதைத் தாண்டிப் போகின்றன. "அழிச்சிடும்மா, எதுக்கு வம்பு," என்கிறார் அன்வர் பாய். இந்த முறை அழிக்கவா என்று கம்ப்யூட்டரே கேட்கிறது. நான்தான் வேண்டாம் என்று அழுத்துகிறேன். எங்கேயோ ஒருவருக்கு என்னவோ ஆகிவிட்டது, அவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை இரவே, சாப்பிடும்போது வீட்டில் எல்லோரையும் கேட்டேன், நேற்று ஆறு பத்துக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. அப்பா டீக்கடையில் இருந்திருக்கிறார். தம்பி போனில் மேட்ச் பார்த்திருக்கிறான். அம்மா மாவு அரைத்திருக்கிறாள். எனக்கு ஐந்தரைக்குக் காபி குடித்தது நினைவிருக்கிறது, ஏழு மணிக்கு விளக்குப் போட்டது நினைவிருக்கிறது.

"நீ மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனியே," என்றாள் அம்மா. "ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட எறங்கி வந்த. துணி எங்கடின்னு கேட்டா, என்ன துணின்னு என்னையே கேட்ட."

அன்று மாடி ஏறியதாகவே எனக்கு நினைவில்லை.