எதிரணிக்குப் புரியாத தமிழ்

இன்று காலை கிளென் ஈடன் மைதானத்தில் மகளின் காலேஜ் கால்பந்து அணி மறுபடியும் தோற்றது. இந்த சீசனில் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஏன் என்று கோட்டுக்கு வெளியே நின்று நானும் சிவா அண்ணனும் வாராவாரம் சண்டை போடுகிறோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகளும் இதே அணிதான்.

"கோச் சரியில்லண்ணே. போன வருஷமே மாத்தியிருக்கணும்" என்றேன்.

"கோச்சில பிழை இல்லைத் தம்பி. பிள்ளையள் ஒருத்தர் சொல்லுறதை ஒருத்தர் கேக்கிறேல்லை. டீமின்ர பழக்கமே பிழை."

அதற்குள் பந்து எங்கள் கோலை நோக்கி வந்துவிட்டது. கோல்கீப்பர் என் மகள்.

"முன்னாடி வா!" என்று நான் கத்தினேன்.

"அங்கயே நில்லு பிள்ளை!" என்று அண்ணன் கத்தினார்.

எதிரணிக்குத் தமிழ் புரியாது. அதுதான் எங்கள் ரகசிய பலம்.

அவள் பாதி தூரம் வந்து நின்றாள். பந்து அவள் தலைக்கு மேலே போய் கோலுக்குள் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். எத்தனை முறை தோற்றாலும் விடாமல் பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறீர்களே, ரொம்ப நன்றி என்றார்.

அடுத்த வாரம் நீங்கள் வராவிட்டால்தான் ஆடுவேன் என்று மகள் காரில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

இப்போது எனக்கு முன்பைவிடக் குழப்பம். பிரச்சினை கோச்சா, டீமா?

உங்கள் கருத்தைத் தயவுசெய்து தமிழிலேயே எழுதுங்கள். கோச்சும் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்.