டிக்கி கோப்பையில் ஒரு வாய் தண்ணீர்

லண்டனில் ஒரு நிலவறை டிக்கி பார், பசிபிக் தீவுப் பாணியில் அலங்கரித்த மதுக்கடை. பல்லை இளிக்கும் தீவுச் சாமி முகம் கொண்ட பீங்கான் கோப்பைகளில் அன்னாசிச் சாறு கலந்த ரம் தருகிறார்கள். போகிற ஊரிலெல்லாம் இப்படி ஒரு கோப்பையை வாங்கிச் சேர்ப்பவன் நான்.

பரிமாறுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். விலைக்குப் புதுக் கோப்பை கேட்டதும், உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வருகிறார். பெட்டி புதிதுதான், அதில் சந்தேகமில்லை. கோப்பையை எடுத்து முகர்கிறேன். அன்னாசி வாசனை அடிக்கிறது.

"யாரோ குடிச்ச கோப்பை மாதிரி இருக்கே?"

"ஐயோ அண்ணை, புத்தம் புதுசு. ஒருத்தரும் வாய் வைக்கேல்லை."

"அப்ப நீங்க இதுல ஒரு வாய் தண்ணி குடிச்சுக் காட்டுங்க."

"அதுக்கென்ன, குடிக்கிறன்."

குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். என்னை ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடிக்கிறார்.