அழுத்தம் கடைசி அசையில்

இத்தாலி மொழி படிப்பிக்கிறவளிடம் ஒருவரும் மொழிக்காக வருவதில்லை. இங்கிருந்து போவதற்காகத்தான் வருகிறார்கள். பலெர்மோவில் கனகாலம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து, வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே வகுப்பு நடத்துகிறேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன டியூஷன் ஆசிரியர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும்.

அசை பிரித்தல்

அன்னோ என்றால் வருடம். அன்-னோ என்று பிரித்து, இரண்டு 'ன'வும் காதில் விழச் சொல்லவேண்டும். ஒன்றை விழுங்கினால் அது குதமாகிவிடும். கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் அன்டன் ஒவ்வொரு வகுப்பிலும் எழும்பி நின்று, தனக்கு நாற்பது குதம் என்று மரியாதையாகச் சொல்லுவார். பொறுக்க முடியாமல் ஒருநாள் அர்த்தத்தைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இந்த நாட்டை விட்டுப் போகலாமெண்டா, அதையும் சொல்லிட்டுப் போறன் மிஸ்."

உடனே

முதல் அசையை அழுத்தி சூபித்தோ என்றால் 'உடனே'. நடு அசையை அழுத்தி சுபீத்தோ என்றால் 'பட்டது, அனுபவித்தது'. எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். ஹட்டனிலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செல்வி மாற்றி மாற்றியே சொன்னாள். இத்தாலிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் அவளுடைய போனை எடுப்பதை நிறுத்தியிருந்த நேரம் அது. நான் மேசையில் தட்டித் தட்டி வித்தியாசத்தைக் காட்டினேன்.

"ரெண்டும் ஒன்னுதான் மிஸ். ஒடனேன்னு சொன்னவன நம்பித்தான் இம்புட்டும் பட்டேன்."

விகுதி

இத்தாலி மொழியில் சொல்லின் வாலை மாற்றினால் ஆளே மாறிவிடும். தொன்னா, பெண். தொன்னாச்சா, நடத்தை கெட்டவள். பாமன்கடையில் ஒரு பிளாட்டில் இருக்கும் ரஞ்சினி அதை எழுதாமல் பேனையை மூடிவைத்தாள். கலியாணம் முடித்த கையோடு பலெர்மோ போன கணவன் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. தமிழில் இதற்கு என்ன விகுதி என்று யாரோ கேட்டார்கள். பதில் சொன்னது ரஞ்சினி.

"தமிழில விகுதி தேவையில்லை. பொம்பிளை தனிய இருந்தாலே போதும்."

அப்பாவும் பாப்பரசரும்

பாபா என்று முதல் அசையை அழுத்தினால் பாப்பரசர். பபா என்று கடைசி அசையை அழுத்தினால் அப்பா. இதைப் படிப்பித்த அடுத்த கிழமை, வகுப்பு முடிந்தும் ரஞ்சினி போகாமல் நின்றாள். கணவனோடு போனில் கதைக்கும்போது பின்னால் ஒரு குழந்தை கூப்பிட்டதாம். ரீவிச் சத்தம் என்றானாம் அவன். "அழுத்தம் கடைசியிலதான் மிஸ் விழுந்தது. பிறகு ஒரு பொம்பிளை அவரைச் சாப்பிட வரச்சொன்னாள். அதுவும் எனக்கு விளங்கினது."

கீழே கொத்துரொட்டி கொத்துகிற சத்தம். "இனி இந்த வகுப்பு உனக்கு வேண்டாம் பிள்ளை" என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தாள்.

"அவரோட தமிழில கதைக்கலாம் மிஸ். அவளோட கதைக்கத்தான் இனிப் படிக்கவேணும்."

ஆசையோடு வந்தவர்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். வீட்டுப்பாடத்தைத் தவறாமல் செய்துகொண்டு வருபவள் இப்போது இவள் ஒருத்திதான்.