இவரை எனக்குத் தெரியும்

கேரளத் தலைநகரில் சாலை என்கிற கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குச் சாக்குக் கடை. அரிசி மண்டிகளுக்குச் சாக்கும் சணலும் கொடுப்பார். அதில் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது, ஆனால் தெருவில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைத்தான் தன் சொத்தென்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதையும் ஒருவன் எடுத்துக்கொண்டு போக முடியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

தொண்ணூறுகளில் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலைக்குக் கடை வைக்க வருகிற பலருக்கு அந்தக் கையெழுத்து இவருடையதுதான். தெருவில் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. கூட்டிவருகிறவர் தெரிந்தவராக இருந்தால் போதும், கூட வந்தவரைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் கூட்டிவந்தவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். சில சமயம் ஆள் வராது, படிவம் மட்டும் வரும். அதற்கும் போடுவார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகி, நிதானமாகப் போடுவார். “மந்திரி ஆர்டர் போடுதாரு, எல்லாரும் எந்திரிங்க” என்று நான் கேலி செய்வேன். வெளியே முறைத்தாலும் உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான்.

அப்போது எங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு மேனேஜர் வந்தார். மலையாளி, நல்ல பேச்சுக்காரர். கடை ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடிப்பார், தெருவில் எல்லாரையும் போல இவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார், ஓணத்துக்கு வீட்டுக்கு நேந்திரம்பழக் குலை கொடுத்துவிடுவார். ஒரு நாள் கையில் சில படிவங்களோடு வந்தார். ஏற்றுமதி செய்கிற புதுக் கம்பெனிகளுக்குக் கணக்குத் தொடங்க வேண்டும், மேலிடத்தில் டெபாசிட் கேட்டு நெருக்குகிறார்கள், ஒரு உபகாரம் செய்ய வேண்டும் என்றார். என்ன தோன்றியதோ, அன்றைக்கு மட்டும் இவர் வழக்கத்தை மீறி, ஆட்கள் யார் என்று கேட்டாராம்.

“அண்ணாச்சிக்கு என்னை அறியாமல்லே? அவங்களை எனக்கு அறியாம். அது போதாதா?”

மலையாளத்தில் அறியாம் என்றால் தெரியும். போதும் என்று போட்டுவிட்டார். வங்கி மேனேஜரையே நம்பாவிட்டால் பிறகு யாரைத்தான் நம்புவது என்று வீட்டில் வந்து என்னிடம் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சில வருஷம் கழித்து அதிகாரிகள் கடைக்கு வந்தார்கள். அந்தக் கம்பெனிகளுக்கு அலுவலகமும் இல்லை, சரக்கும் இல்லை. எங்கிருந்தோ கறுப்புப் பணம் அந்தக் கணக்குகளுக்குள் வந்து, வெள்ளையாகி, வெளிநாட்டுக்குப் போயிருந்தது. யாருடைய பணம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் பெரிதாக ஆசைப்பட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கம்பெனி முதலாளிகள் என்று படிவத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஏழைகள். லோன் வாங்கித் தருகிறோம் என்று போட்டோவும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தி போனக்காட்டு மலை எஸ்டேட்டில் தேயிலை கிள்ளுகிறவள். விசாரணை அலுவலகத்து வராந்தா பெஞ்சில்தான் அவளை முதலில் பார்த்தோம். இவரைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போயிருந்தேன். காலை பஸ்ஸில் மலை இறங்கி வந்திருந்தாள். யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்ததும், இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நீங்கதானா ஐயா என்னைத் தெரியும்னு எழுதிக் குடுத்தது? நான் உங்கள இன்னைக்குத்தானே பாக்கேன்.”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். உள்ளே அதிகாரிகள் மிரட்டியதெல்லாம் அவரை அப்படி உலுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஊருக்கெல்லாம் சாட்சி சொல்ல உங்களை யார் கேட்டது என்று கத்தினேன். சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் போனோம், அவளும் வந்தாள். இவர் அவளுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, பஸ்ஸுக்கும் கொடுத்தனுப்புவார். அவள் முந்தானையில் முடிந்து கொஞ்சம் தேயிலைத்தூள் கொண்டுவருவாள். பெஞ்சில் உட்கார்ந்து பேசிப்பேசியே எல்லாம் தெரிந்துகொண்டோம். புருஷன் எஸ்டேட்டிலேயே இருந்து செத்துப்போனது, ஒரே மகள் நன்றாகப் படிப்பது, புருஷனுடைய பி.எஃப். பணத்தை மகள் படிப்புக்கென்று தொடாமல் வைத்திருப்பது.

கடைசியில் விசாரணையை மூடினார்கள். நடைமுறையில் சில குறைபாடுகள் என்று எழுதினார்களாம். ஊர்ப் பணத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்தியதற்குப் பேர் குறைபாடு! படிவத்தை வாங்கிவைத்த ஒரு கிளார்க்கை சஸ்பெண்ட் செய்தார்கள். மேனேஜருக்கு முதலில் இடமாற்றம், பிறகு பதவி உயர்வு. இவர் மேல் குற்றமில்லை என்று விட்டார்கள், ஆனால் இனி இவர் கையெழுத்தை அறிமுகத்துக்கு ஏற்கக் கூடாது என்று வங்கியில் குறித்துவைத்துவிட்டார்கள். அந்த எஸ்டேட்டுக்காரிக்கு நடந்ததுதான் அநியாயம். கம்பெனிக் கணக்கை முடக்கும்போது அதே பேர் என்று, அதே வங்கியில் புருஷன் பணம் கிடந்த அவளுடைய சேமிப்புக் கணக்கையும் சேர்த்து முடக்கியிருந்தார்கள். விசாரணை முடிந்த பிறகும் அதைத் திறந்துவிட ஆளில்லை. எந்த மேஜையில் கேட்டாலும் அடுத்த மேஜையைக் காட்டினார்கள்.

மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்த வருஷம் அவள் கடைக்கு வந்தாள். அவள்தான் அவள் என்று கணக்கு உள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால் பணத்தை விடலாம் என்று ஒருவழியாகச் சொல்லியிருக்கிறார்கள். சாலையில் அவளுக்கு இவரை விட்டால் யாரைத் தெரியும்? இவர் தேய்த்த சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினார். நானும் போனேன். கவுண்டரில் இருந்தவர் பழைய ஆள், நல்ல மனுஷர். பாவம், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: அண்ணாச்சி கையெழுத்தை எடுக்க முடியாது, வேறு யாரையாவது கூட்டிவாருங்கள்.

“தெரியாதப்ப எடுத்தீங்க சார்,” என்றார் இவர். “இப்பதான் எனக்கு இவளத் தெரியும்.”

அங்கிருந்து நேரே சாலைக்கு வந்து, தான் அறிமுகம் செய்துவைத்தவர்களின் கடைகளில் ஏறி இறங்கினார். எல்லாரும் நாற்காலி போட்டார்கள், சாயா வரவழைத்தார்கள். கையெழுத்து மட்டும் ஒருவரும் போடவில்லை. இவருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு யார் போடுவார்கள் என்று இவரே அவர்களுக்காகப் பேசினார். எனக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் கிடையாது. அதில் ஒரு கடையில் நான் இன்றுவரை எண்ணெய் வாங்குவதில்லை. அவள் சாயங்கால பஸ்ஸில் மலைக்குத் திரும்பிப் போனாள். சீட் கை நழுவிப் போனது. மகளும் அம்மாவோடு கொழுந்து கிள்ளப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டபோது, கடையை அடைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் மகளுக்கு நகரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளக் கணக்கைப் பக்கத்தில் புதிதாகத் திறக்கிற கிளையில்தான் தொடங்க வேண்டும் என்றார்கள். அதே வங்கி. இவர் வரமாட்டேன் என்றார். அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் நாங்கள் எதையும் முழுதாகச் சொன்னதில்லை.

அன்றைக்குத் திறப்பு விழா. குத்துவிளக்கு ஏற்ற வந்த பெரிய அதிகாரி யாரென்று பார்த்தால், அந்த மேனேஜர். கோட்டுப் போட்டிருந்தார், தலை நரைத்திருந்தது. மகள் படிவத்தை நீட்டியதும், உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரில் இவர் கணக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பா கையெழுத்து ஆகாது என்றாள். மகள் ஒன்றும் புரியாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அந்த அதிகாரி இவரை அடையாளம் கண்டு, கைநீட்டிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“இந்த ஃபேமிலியை எனக்கு ரொம்ப வருஷமா அறியாம்” என்று பேனாவை எடுத்து அவரே போட்டார். அந்தப் பெண் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

இவர் கையைக் கூப்பினார். நன்றி சொல்லித் தொலைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“சார், போனக்காட்டுல ஒரு பொம்பள உண்டு. அவ பேர்லதான் ஒரு கம்பெனி எழுதியிருந்தது. அவ பணம் இன்னும் பேங்க்ல நிக்கி. அவளுக்கும் இதுபோல ஒண்ணு போட்டுத் தரணும்.”

அவர் பேனாவை மூடிக்கொண்டே யோசித்தார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. நடிக்கவில்லை, உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார்.

“ஏது பொம்பள? எனக்கு ஓர்மையில்லையே அண்ணாச்சி.”

அதற்குள் அவரை போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.

வீடு திரும்பக் கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறினோம். அந்தப் பொம்பள யாருப்பா என்று மகள் கேட்டாள். இவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். அவள் பேர், செத்துப்போன புருஷன் பேர், மகள் பேர், பத்தாம் வகுப்பில் எடுத்த மார்க், மழைக்காலத்தில் வருகிற அவளுடைய மூட்டுவலி, சாயாவில் சர்க்கரை போடாமல் குடிப்பது. பஸ் கோட்டைக்கு வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் சொல்லிக்கொண்டேயிருந்தார்.