நாகத்தின் கழுத்துத் தழும்பு

முத்தம்மாளுக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. கரையான்சாவடி ஸ்டூடியோக்காரர் கன்னியப்பன் எடுத்த போட்டோவில், ஊர் ஏரி நடுவே ஒரு நாகம் நிற்கிறதாம். படம் கலங்கல்தான். ஆனாலும் மூன்று ஆள் உயரம், உடம்பெல்லாம் செதில், தலையில் மாணிக்கம், கழுத்தில் வெட்டுத் தழும்பு எல்லாம் தெரிகிறதாம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. கன்னியப்பன் படத்தைப் பெரிசு பண்ணிக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். ஆவடியிலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வந்து பார்த்தார்கள்.

பார்க்கிறவர்களுக்கு என்ன? அந்த ஏரியில் இறங்கி வலை வீசுவது அவள் புருஷன் ஜம்புலிங்கம் அல்லவா! "மீனு புடிக்கலன்னா இன்னாத்த துன்றது?" என்று அவன் பாட்டுக்கு மார்பளவுத் தண்ணீரில் நிற்பான். அவள் பூ ஜடை தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அவன் தலை தெரிகிறதா என்று கரையிலேயே உட்கார்ந்திருப்பாள். படத்தைப் போய்ப் பார்க்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

பதினோராம் நாள் பூ வாங்கப் போனவளைக் கூட்டம் ஸ்டூடியோ வாசலுக்கே தள்ளிவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அந்தச் செதில் வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறாளே! ஆவடி குவார்ட்டர்ஸில் கஸ்தூரி என்ற பெண்ணின் வளைகாப்புக்குப் பூ ஜடை தைத்தது இவள்தான். ஏழாவது வரிசையில் மல்லிகை பத்தாமல் போகவே, யாருக்குத் தெரியப்போகிறது என்று பச்சை மரிக்கொழுந்தைச் சொருகி ஒப்பேற்றியிருந்தாள்.

"அண்ணாத்தே, இதுவா நாகம்? நான் தெச்ச ஜடை! மாணிக்கமாம் மாணிக்கம், அது உச்சந்தலையில வெக்கிற ராக்கொடி! தழும்பு இல்ல அது, மரிக்கொழுந்து. பூ பத்தல, ஒப்பேத்திட்டேன்!"

கன்னியப்பன் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அசடு வழிந்தார். அந்த வளைகாப்பில் கஸ்தூரியைத் திரும்பி நிற்கவைத்து ஜடையைப் படம் எடுத்தவர், ரோலை முடிக்க வேண்டுமே என்று வரும் வழியில் ஏரியையும் ஒன்று தட்டியிருந்தார். பிலிம் சுற்றவில்லை. இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டது. கரும்பச்சைப் புடவை தண்ணீரோடு கரைந்துபோக, வெள்ளைப் பூ மட்டும் எழுந்து நின்றது.

தன் தில்லுமுல்லைத் தானே போட்டு உடைத்தது முத்தம்மாளுக்கு அப்புறம்தான் உறைத்தது. போனால் போகிறது. ஏரிக்கரைக்கு ஓடினாள்.

"இன்னாமே?" என்றான் தண்ணீரிலிருந்து ஜம்புலிங்கம்.

"ஒண்ணுமில்லய்யா. நல்லா உள்ளாற போயி வலைய போடு!"

பத்து நாளில் முதல் தடவையாக ஏரிக்கு முதுகைக் காட்டி வீட்டுக்கு நடந்தாள். அவளுக்குக் கொலைப்பசி.