நாங்களும் குளிக்கவில்லை

அவளை வீட்டில் எல்லோரும் ‘அறிவிப்பு’ என்றே அழைத்தார்கள். ஏழு வயதில் அவளே தேடிக்கொண்ட பட்டம் அது. குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து, அப்பா இன்று நாளை என்று நாள் கடத்திக்கொண்டிருந்த வாரத்தில், கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்துக் கதவில் ஒட்டினாள்: ‘தாழ்ப்பாள் வேலை செய்யாது. உள்ளே இருப்பவர் பாட வேண்டும். பாட வராதவர் இருமலாம்.’ அன்று முதல் குடும்பமே பாடியது. தாழ்ப்பாளைச் சரிசெய்து பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகும் அப்பா உள்ளே போனால் பாடத்தான் செய்கிறார். இப்போது இருமுவது வெளியே நிற்பவர்கள்.

இப்படிப்பட்டவள் கல்லூரியில் தகவல் தொடர்பியல் எடுத்ததில் வியப்பில்லை. மாமாவுக்குத்தான் விளங்கவில்லை.

“படிச்சு முடிச்சு போன் கடை வைக்கப் போறியா?”

“இல்ல மாமா. ஒரு விஷயத்தை எல்லாருக்கும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுன்னு படிக்கிறோம்.”

“அதுக்கு எதுக்கு மூணு வருஷம்? உங்க அத்தைகிட்ட ஒரு தடவை சொன்னா போதாதா?”

இறுதி ஆண்டில் மூன்று மாதப் பயிற்சி. உடன் படித்தவர்களில் ஒருத்திக்குத் தொலைக்காட்சி நிலையம் கிடைத்தது. இன்னொருவனுக்கு விளம்பர நிறுவனம். அறிவிப்புக்குக் குடிநீர் வாரியத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு கிடைத்தது. பிரிவு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓர் அறை, இரண்டு மேசை, கதவு சாத்தாத ஓர் அலமாரி, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, இவற்றுக்கெல்லாம் தலைவராக ஓர் அதிகாரி.

அதிகாரி துப்புரவில் குறை சொல்ல முடியாத மனிதர். நாளுக்கு இரண்டு வேளை குளிப்பார். சட்டை மடிப்பில் கை வைத்தால் கிழித்துவிடும். கழுத்தில் பவுடர் பூத்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு வந்ததும் வாரியத்தின் பெயர் அச்சிட்ட நாற்பது வெற்றுத்தாள்களை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்திட்டு முத்திரை வைத்துவிடுவார்.

“என்ன எழுதப்போறோம்னே தெரியாம கையெழுத்துப் போடறீங்களே சார்?” என்று முதல் நாள் அவள் கேட்டாள்.

“காலைலதான்மா கை நல்லா ஓடும். சாயங்காலம் ஆனா கையெழுத்து படுத்துடும். எழுதறது என்ன பெரிய விஷயம்? தண்ணி வராது. எப்ப வராதுன்னு மேல ஒரு வரி, அவ்வளவுதான்.”

ஆக, அவளுடைய வேலை அந்த ஒரு வரி. நீர் நிற்கும் நாளுக்கு முந்தைய நாள் அறிவிப்பை எழுதி, கையெழுத்துக்கு மேலே விட்டிருந்த இடத்தில் அச்சிட்டு, பசை அண்ணனிடம் கொடுக்க வேண்டும். பசை அண்ணன் என்பவர் வாளியும் தூரிகையுமாகச் சைக்கிளில் சென்று சுவரெல்லாம் ஒட்டி வருபவர். நீர் திரும்பியதும் அவரே போய் எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டும். இல்லையென்றால் பழைய தாளைப் பார்த்து யாராவது வீணாகக் குடத்தை நிரப்பி வைப்பார்கள் என்பது அதிகாரியின் கவலை. கணினியிலும் ‘நோட்டீஸ்’ என்று ஒரே ஒரு கோப்பு. பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதுவது வாரியத்தின் வழக்கம்.

ஆனால் ஒரு வரியோடு நிறுத்துவது அவள் பிறவியிலேயே இல்லை. முதல் அறிவிப்பு இப்படி அமைந்தது: ‘நாளை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை குடிநீர் வராது. பெரிய குழாயில் விரிசல். பொறுத்தருள வேண்டுகிறோம். நாங்களும் குளிக்கவில்லை.’ இரண்டாவது: ‘குழாயைத் திறந்து திறந்து பார்ப்பதால் நீர் விரைந்து வராது. நாங்களே பார்த்துவிட்டோம். நாங்களும் குளிக்கவில்லை.’ மூன்றாவது: ‘தலைக்குச் சாயம் பூசுவோர் இன்று மாலைக்குள் கழுவிவிடுவது நலம்.’ அதன் கீழேயும் வழக்கமான கடைசி வரி. அதற்கும் கீழே, காலைப் பொழுதின் தெளிவோடு, அதிகாரியின் கையெழுத்து.

மூன்று மாதத்தில் இப்படிப் பதினான்கு எழுதினாள். பயிற்சி முடிந்தது. பணித்தொகுப்பு தயாரிக்கும் வாரம் வந்தது.

பேராசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ன கொண்டு வந்திருக்கே?”

“போன்ல எடுத்த படம் மேடம். பதினாலு நோட்டீஸும் இருக்கு.”

“படம் செல்லாது. அசல் வேணும். குறைஞ்சது பத்து. ஒவ்வொரு பக்கத்துலயும் உன் வழிகாட்டி கைப்பட ஒரு வரி எழுதணும், ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதக் கூடாது. கடைசிப் பக்கம், வாசகர் எதிர்வினை.”

“நிறைய பேருக்குப் பிடிச்சுது மேடம்.”

“யார் சொன்னா?”

“நானேதான் நினைச்சேன்.”

“நினைப்புக்கு மார்க் இல்லம்மா. சான்று கொண்டு வா. வெள்ளிக்கிழமை நாலு மணி. நாலு மணி ஒரு நிமிஷம்னா அடுத்த வருஷம்தான்.”

அடுத்த வருஷம் என்பதன் முழுப் பொருளும் படிக்கட்டு இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இளைய மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்; தாராள மனத்தோடு அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்த தன் பழைய நோட்டுகளை அவர்களிடமே கெஞ்சி வாங்கிப் படிக்க வேண்டும். அன்று திங்கட்கிழமை.

நேரே பசை அண்ணனிடம் ஓடினாள். “கிழிச்ச தாள் எதையாவது வச்சிருக்கீங்களாண்ணே?”

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரு பக்கமும் பார்த்தார். “சார்கிட்ட சொல்லிடாதேம்மா. மூணு மாசமா நான் எதையும் கிழிக்கவே இல்ல. நான் போறதுக்குள்ள யாராவது உரிச்சுட்டுப் போயிடறாங்க. முன்னாடி எல்லாம் நோட்டீஸ் மேல வெத்தல எச்சில் துப்புவாங்க. இப்ப ஈரம் காயறதுக்குள்ள லவட்டிடறாங்க.”

“யாருன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? மொத ஆளு சலூன்காரர்.”

சலூனுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு இரு புறமும் அவளுடைய அறிவிப்புகள் நான்கு, ஓரம் கலையாமல், பலகையில் ஒட்டப்பட்டிருந்தன.

“நீதான் எழுதினியா, தங்கச்சி?” சலூன்காரர் கத்தரிக்கோலோடு திரும்பினார். நாற்காலியில் இருந்தவர் காதைப் பிடித்துக்கொண்டார். “அந்தச் சாயம் நோட்டீஸ் மட்டும் இல்லேன்னா அன்னிக்கு மூணு மாப்பிள்ளைங்க தலை ஊதாக் கலர்ல போயிருக்கும்! ஆமா, அந்த அதிகாரி இப்பவாவது குளிச்சாரா?”

“அவர் தினமும் குளிப்பார்ண்ணே.”

“விட்டுக் கொடுக்காம பேசறே பாரு, நல்ல புள்ள. நானே போய் ஒரு சோப்பு கொடுத்துட்டு வந்தேன். வாங்கிட்டு ரொம்ப நெகிழ்ந்து போயிட்டாரு, பாவம்.”

இதைக் கேட்டபோதே அவள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவளுடைய கண் பலகையில் இருந்தது. தாள் உரிய மறுத்தது. சலூன்காரர் திருப்புளியை எடுத்து, மூன்றை எப்படியோ சேதமில்லாமல் உரித்துக் கொடுத்து, நான்காவதைப் பலகையோடு கழற்றிக் கையில் திணித்தார். மருந்துக் கடையில் இரண்டு கிடைத்தன. அடுக்குமாடிக் காவலாளி தம் மேசைக் கண்ணாடியின் அடியிலிருந்து மூன்றை உருவிக் கொடுத்தார். பதிலுக்கு, தம் நாற்காலியில் யாரும் உட்காராதிருக்க ஓர் அறிவிப்பு எழுதி வாங்கிக்கொண்டார். பத்தாவது, ஒரு பெரியம்மாவின் பாத்திர அலமாரியில் விரிக்கப்பட்டிருந்தது. அதன் மீது தம்ளர் வைத்த வட்டங்கள் ஏழு.

புதன்கிழமை மாலை வீட்டில் தொகுப்பு உருவாகத் தொடங்கியது. நீலத் துணியில் உறை தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் அம்மா, பலகையைப் பார்த்ததும் ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டார்.

“இதை எப்படிடி தைக்கிறது? என் மெஷின் என்ன மரம் அறுக்கிற மெஷினா?”

மின்தூக்கி பழுதுபார்க்கும் அண்ணன் துளைப்பானை எடுத்து வந்தான். “நாலு ஓட்டை போட்டா கயிறு கோத்துடலாம். உலகத்துலயே கதவு வச்ச போர்ட்ஃபோலியோ உன்னோடதுதான், அறிவிப்பு.”

“தாழ்ப்பாள் வேண்டாமா?” என்று குளியலறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது, பாட்டின் நடுவே.

வியாழக்கிழமை காலை அதிகாரியின் மேசை மீது தொகுப்பை வைத்தாள். அவர் நாற்பது கையெழுத்தையும் முடித்திருந்தார், நல்ல மனநிலை.

“பக்கத்துக்கு ஒரு வரியா? எழுதிட்டா போச்சு.” முதல் பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதினார். இரண்டாவதில் ‘மிக நன்று’. மூன்றாவதில் ‘மிக மிக நன்று’ என்று தொடங்கியவர், இப்படியே போனால் பத்தாவது பக்கத்தில் மையும் இடமும் போதாது என்பதை உணர்ந்து, வேறு வழியின்றி, மூன்று மாதத்தில் முதல் முறையாக, தாம் கையெழுத்திட்டதைப் படித்தார்.

பேனா நின்றது. பக்கத்தைப் பின்னால் புரட்டினார். பிறகு முன்னால் புரட்டினார். பலகைப் பக்கம் மேசையில் ‘டொக்’ என்று விழுந்தது.

“‘நாங்களும்’னா யாரும்மா?”

“நம்ம ஆபீஸ் சார்.”

“ஆபீஸ்ல யாரு?”

“கையெழுத்துப் போட்டவங்க சார்.”

“நான் ரெண்டு வேளை குளிக்கிறவன்மா!”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா எழுதினே?”

“படிக்கிறவங்களோட கஷ்டத்துல நாமளும் பங்கெடுக்கிற மாதிரி எழுதணும்னு மூணாவது செமஸ்டர்ல பாடம் சார். எட்டு மார்க் கேள்வி.”

அதிகாரி குனிந்தார். மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வண்ண வண்ணமாய் ஒன்பது சோப்புகள், பிரிக்காத உறையோடு. அறையே மணத்தது.

“சலூன்காரர் கொடுத்தாரு. மருந்துக் கடைக்காரர் கொடுத்தாரு. பக்கத்து வீட்டுக்காரர் ‘வெக்கப்படாதீங்க, எங்க மோட்டார்ல எப்பவும் தண்ணி வரும்’னு தோள்ல தட்டினாரு. நான் என்னமோ மக்களுக்கு என் மேல அவ்வளவு பிரியம்னு நினைச்சேன். பஸ்ல என் பக்கத்து சீட்டு மூணு மாசமா காலி. பதவிக்கு மரியாதைன்னு நினைச்சுட்டேன்மா!”

தொகுப்பை அவர் ஜன்னல் வழியே எறியலாம். எறிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை நாலு மணி கண் முன்னே நின்றது.

“மன்னிச்சுக்கங்க சார். கல்லூரில வேற ஏதாவது சொல்லிக்கறேன்.”

அவர் கேட்கவில்லை. மேசை மீதிருந்த தொலைபேசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ… இது ரிப்பேர் இல்லையா?”

“எது சார்?”

“முன்னாடி தண்ணி நின்னா இந்தப் போன் காலைலேருந்து அலறும். எங்க வீட்டுப் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாங்க. நீ வந்ததுலேருந்து ஒரு கால் வரல. லைன் போச்சுன்னு ரெண்டு தடவை எழுத்துல கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். போன் ஆபீஸ் ஆளு வந்து பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னான். அவனையும் திட்டி அனுப்பிச்சேன்.”

அலமாரியைத் துழாவி, கடிதத்தின் நகலை எடுத்தார். வாரியத்தின் பெயர் அச்சிட்ட தாளில், தேதியோடு, முத்திரையோடு இருந்தது: ‘கடந்த ஆறு வாரங்களாக நீர் நிறுத்தப்படும் நாள்களில்கூட எவரும் எம்மைத் தொலைபேசியில் ஏசவில்லை. ஆகவே இணைப்பு பழுதடைந்துள்ளது என உறுதியாக அறிகிறோம். விரைந்து சரிசெய்ய வேண்டுகிறோம்.’

முதலில் சிரித்தது அதிகாரிதான். பவுடர் உதிரச் சிரித்தார்.

“வாசகர் எதிர்வினைக்குச் சான்று வேணும்னியே? எடுத்துட்டுப் போ. சோப்பையும் எடுத்துக்கோ. இந்த மஞ்சள் உறை மட்டும் இருக்கட்டும், வாசனை நல்லா இருக்கு.”

பிறகு பத்துப் பக்கத்துக்கும் படித்துப் படித்து எழுதினார். முதல் பக்கத்தின் ‘நன்று’ என்பதை அடித்துவிட்டு, ‘கருத்து நன்று, கடைசி வரி உண்மையன்று’ என்று திருத்தினார். வெற்றுத்தாள்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரத்திலிருந்து படித்த பிறகே கையெழுத்து என்றார். கை படுத்தாலும் படுக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு அண்ணனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொகுப்பைத் துறைக்குள் கொண்டு வந்தார்கள். அம்மா பின் உறையில் எட்டுப் பைகள் தைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சோப்பு. பேராசிரியை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பலகையை இரண்டு கையாலும் புரட்டினார். கடிதத்தை ஒருமுறை படித்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் படித்தார். தோள்கள் குலுங்கியதை அவளும் அண்ணனும் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

“இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு சான்று நான் பார்த்ததில்ல,” என்றார் ஒரு வழியாக. சிவப்புப் பேனாவைத் திறந்து தேர்ச்சி என்று எழுதப்போனவர், திடீரென்று நிறுத்தினார். விரல் பொருளடக்கத்தில் இருந்தது.

“ஒன்பது சோப்புன்னு போட்டிருக்கே. எட்டுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கே?”

அறிவிப்பு பேனாவை எடுத்து, பொருளடக்கத்தின் அடியில் தெளிவான கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்:

‘ஒன்பதாவது பயன்பாட்டில் உள்ளது. அவர் குளித்துவிட்டார்.’